ஆங்கில வழிப் பிள்ளைகளுக்கு வாக்கியக் கணக்கு ஏன் வரமாட்டேன் என்கிறது?

கேள்வி: பல்லடம் பக்கம் ஒரு அரசு நடுநிலைப் பள்ளியில் ஆறு, ஏழாம் வகுப்பு ஆங்கில வழிப் பிரிவுக்குக் கணக்கு எடுக்கிறேன். எண்களாகக் கொடுத்தால் போட்டுவிடுகிறார்கள். அதையே ஆங்கில வாக்கியமாகக் கொடுத்தால் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார்கள். தமிழில் சொன்னால் போடுகிறார்கள். ஆனால் வகுப்பில் தமிழே பேசக்கூடாது என்று பெற்றோரும் சொல்கிறார்கள், தலைமை ஆசிரியரும் சொல்கிறார். என்ன செய்வது?

பதில்:

தமிழில் சொன்னால் போடுகிறார்கள் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்குக் கணக்கு வருகிறது, கணக்கைச் சுமந்து வருகிற ஆங்கில வாக்கியம்தான் இன்னும் பிடிபடவில்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல், "இவனுக்குக் கணக்கு வராது" என்று முடிவுகட்டி, வெறும் கூட்டல் கழித்தலையே வருஷம் முழுக்கக் கொடுத்துக்கொண்டிருப்பதைப் பல பள்ளிகளில் பார்க்கிறேன். எனக்கு மனம் பொறுக்காத விஷயம் அது. மொழியில் பின்தங்கிய பிள்ளைக்குக் கணக்கையும் குறைத்துக் கொடுத்தால், இரண்டு வருஷத்தில் அவன் கணக்கிலும் நிஜமாகவே பின்தங்கிவிடுவான்.

தமிழக அரசுப் பள்ளிகளில் 2012-13 கல்வியாண்டு முதல் ஆங்கில வழிப் பிரிவுகள் பரவலாக வந்தன. பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள், ஆசிரியர்களில் பலர் தமிழ் வழியில் படித்தவர்கள், புத்தகம் மட்டும் ஆங்கிலம். வீட்டு மொழி வேறு, பள்ளி மொழி வேறு என்ற சிக்கல் உலகம் முழுக்க இருப்பதுதான். அமெரிக்க அரசுப் பள்ளிகளில் ஏறக்குறைய பத்தில் ஒரு பிள்ளை ஆங்கிலத்தைப் புதிதாகக் கற்றுக்கொண்டே கணக்கும் படிக்கிறது. ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் இதைப் பற்றி ஆழமாக ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்க ஆசிரியரைவிட உங்கள் நிலைமை ஒரு விதத்தில் எவ்வளவோ மேல். அங்கே பெரும்பாலான ஆசிரியர்களுக்குத் தங்கள் மாணவர்களின் வீட்டு மொழி தெரியாது. உங்களுக்குத் தெரியும். கையில் இருக்கிற அந்தப் பலத்தைப் பூட்டி வைக்கச் சொல்கிறார்கள் என்பதுதான் வருத்தம்.

முதலில், பிள்ளை எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

ஆன் நியூமன் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர் 1977-இல் ஒரு வேலை செய்தார். மெல்பர்ன் நகரத்து ஆறாம் வகுப்பில் கணக்கில் பின்தங்கிய பிள்ளைகளை ஒவ்வொருவராக உட்கார வைத்து, தவறாகப் போட்ட கணக்கையே மறுபடி போடச் சொல்லி, வரிசையாக ஐந்து விஷயம் கேட்டார். நம்ம ஊர்ப் பேச்சில் சொன்னால் இப்படி வரும்: "கேள்வியை வாசி கண்ணு." "என்ன கேக்கறாங்க, சொல்லு பாக்கலாம்." "இதை எப்படிப் போடலாம்னு நினைக்கறே?" "சரி, போட்டுக் காட்டு." "இப்ப விடையை முழுசா எழுது." வாசிப்பு, புரிதல், கணக்காக மாற்றுவது, செய்முறை, விடை எழுதுவது என்று ஐந்து படிகள். அவர் கண்ட தவறுகளில் கிட்டத்தட்டப் பாதி, செய்முறைக்கு வருவதற்கு முன்பே, முதல் மூன்று படிகளில் நடந்தவை. நாமோ திருத்தும்போது நான்காவது படியை மட்டும்தான் பார்க்கிறோம். பிள்ளை இரண்டாம் படியில் நின்றுகொண்டிருக்கும்போது வாய்ப்பாட்டை இன்னும் பத்துத் தடவை எழுதச் சொல்லி என்ன பயன்?

ஒரு நாளைக்கு ஒரு பிள்ளை போதும். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஐந்து நிமிஷம். எந்தப் படியில் நின்றது என்று பெயருக்கு எதிரே ஒரு எண் மட்டும் எழுதி வையுங்கள். முதல் படியில் நிற்பவருக்கு ஆங்கில வாசிப்புப் பயிற்சி வேண்டும், ஆங்கில ஆசிரியரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான்காம் படியில் நிற்பவருக்குத்தான் நாம் வழக்கமாகக் கொடுக்கிற பயிற்சி வேண்டும். இரண்டிலும் மூன்றிலும் நிற்கிற கூட்டம்தான் உங்கள் வகுப்பில் பெரிதாக இருக்கும் என்று நினைக்கிறேன். இனி எழுதுவதெல்லாம் அவர்களை மனதில் வைத்துத்தான்.

உங்கள் வகுப்புச் சுவரில் ஒரு சார்ட் தொங்குகிறதா? "ஆல்டுகெதர் என்றால் கூட்டு, லெஃப்ட் என்றால் கழி, மோர் என்றால் கூட்டு, ஈச் என்றால் பெருக்கு" என்று? இருந்தால் இன்றைக்கே கழற்றிவிடுங்கள். நல்ல எண்ணத்தில் எழுதி மாட்டியதுதான், ஆனால் அது பிள்ளைகளை வாக்கியத்தைப் படிக்காமலிருக்கப் பழக்குகிறது. ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரு பனியன் கம்பெனியில் ஒரு பெட்டிக்கு 48 டி-ஷர்ட் வைக்கிறார்கள். காலையில் 35 பெட்டி, சாயங்காலம் 28 பெட்டி கட்டினார்கள். ஹவ் மெனி மோர் டி-ஷர்ட்ஸ் வேர் பேக்ட் இன் த மார்னிங்? சார்ட்டை நம்புகிற பிள்ளை "மோர்" என்பதைக் கண்டதும் 48, 35, 28 மூன்றையும் கூட்டி 111 என்று எழுதிவிட்டுப் போய்விடும். காலையில் 7 பெட்டி கூடுதல், 7 × 48 = 336 என்ற விடைக்கு வர, யார் எதைச் செய்தார்கள் என்ற கதை புரிய வேண்டும். ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொண்டு அங்கே போய்ச் சேர முடியாது.

கதையைப் புரிய வைக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி, மூன்று முறை வாசிப்பது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2017-இல் வெளியிட்ட கணித மொழிப் பயிற்சிகளில் இதுவும் ஒன்று. கணக்கைக் கரும்பலகையில் எழுதும்போது கடைசிக் கேள்வி வரியை எழுதாதீர்கள். முதல் வாசிப்பில் "இது எதைப் பத்தின கதை?" என்று மட்டும் கேளுங்கள். எண்ணைப் பற்றிப் பேச்சே வேண்டாம். "பொட்டி கட்டறாங்க டீச்சர், காலையில கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம்" என்று தமிழிலேயே வரட்டும். இரண்டாவது வாசிப்பில் "இதில் எதையெல்லாம் எண்ண முடியும், அளக்க முடியும்?" பெட்டிகள், ஒரு பெட்டியில் உள்ள துணிகள், மொத்தத் துணிகள். பிள்ளைகள் வழக்கமாக 48 எதைக் குறிக்கிறது, 35 எதைக் குறிக்கிறது என்று பிரிக்காமல்தான் கணக்குக்குள் குதிக்கிறார்கள். இங்கே அது பிரிந்துவிடும். மூன்றாவது வாசிப்புக்கு முன்னால், "இந்தக் கதையை வச்சு என்னென்ன கேள்வி கேக்கலாம்?" என்று அவர்களையே கேட்கச் சொல்லுங்கள். மொத்தம் எத்தனை, எப்போது அதிகம், எவ்வளவு அதிகம் என்று நாலைந்து கேள்வி வரும். அப்புறம் புத்தகத்தின் கேள்வி வரியை எழுதுங்கள். தாங்களே கேட்ட கேள்விகளில் அது எது என்று அடையாளம் காண்பார்கள். ஆங்கில வாக்கியம் அந்நியமாகத் தெரியாது. ஒரு கணக்குக்கு இருபது நிமிஷம் ஆகும், பாடம் முடியாதே என்று பயப்படுவீர்கள். வாரத்துக்கு இரண்டு கணக்கு இப்படிப் போதும்.

இப்போது நம் பிள்ளைகளுக்கே உரிய சில தடைகள். வெளிநாட்டுக் கட்டுரைகளில் இவை கிடைக்காது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒன்று, "இன்டு". நம் ஊரில் மூன்றாம் வகுப்பிலிருந்தே "த்ரீ இன்டு ஃபோர்" என்றால் பெருக்கல். புத்தகத்திலோ "டிவைட் 12 இன்டு 3 ஈக்குவல் பார்ட்ஸ்" என்று வருகிறது. டிவைட் என்றும் இருக்கிறது, இன்டு என்றும் இருக்கிறது. பிள்ளை 36 என்று எழுதினால் அதன் மேல் குற்றமில்லை. "பை" அதைவிட மோசம். "த்ரீ பை ஃபோர்" என்று சொல்லிச் சொல்லி, பை என்றால் வகுத்தல் என்று மனதில் பதிந்துவிடுகிறது. அப்புறம் "மல்டிப்ளை பை 4" வரும்போதும், "இன்க்ரீஸ்டு பை 20" வரும்போதும் வகுக்கப் பார்க்கிறார்கள். நீங்கள் பேசும்போதே பெருக்கலுக்கு "டைம்ஸ்" என்றும், வகுத்தலுக்கு "டிவைடட் பை" என்று முழுதாகவும் சொல்லிப் பழகுங்கள். "இன்க்ரீஸ்டு பை 20", "இன்க்ரீஸ்டு டு 520" இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, கூலி 500 ரூபாயிலிருந்து 20 ரூபாய் ஏறியது, 520 ரூபாய்க்கு ஏறியது என்று ஒரே கதையில் காட்டினால் ஒரே நாளில் விளங்கிவிடும்.

இரண்டாவது, வரிசை. "சப்ட்ராக்ட் 5 ஃப்ரம் 12" என்பதை இடமிருந்து வலமாக வாசித்துக்கொண்டே எழுதுகிற பிள்ளை 5 − 12 என்று எழுதும். "3 லெஸ் தேன் 10" என்றால் 3 − 10. இயற்கணிதம் வந்ததும் இதே தவறு எக்ஸ், ஒய்யோடு தொடரும். ஆங்கிலமே தாய்மொழியாக உள்ளவர்களையும் இந்த வரிசை விடுவதில்லை. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் முதலாண்டு பொறியியல் மாணவர்களிடம், "பேராசிரியர்களைப் போல ஆறு மடங்கு மாணவர்கள் இருக்கிறார்கள், இதைச் சமன்பாடாக எழுதுங்கள்" என்று கேட்டதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்கள் தவறாக எழுதினார்கள். பலர், வாக்கியத்தில் சொற்கள் வந்த வரிசையிலேயே ஆறை மாணவர் பக்கம் போட்டுவிட்டார்கள்.

இங்கே தமிழ் நமக்குக் கைகொடுக்கிறது. "12-இலிருந்து 5-ஐக் கழி." "10-ஐ விட 3 குறைவு." "12-ஐ 3-ஆல் வகு." இந்த வாக்கியங்களில் எண்கள் வரும் வரிசையும், குறியீட்டில் எழுதும் வரிசையும் ஒன்றே: 12 − 5, 10 − 3, 12 ÷ 3. ஆகவே ஆங்கில வாக்கியத்தைப் படித்ததும் "எதிலிருந்து, எதை?" என்ற கேள்வியைத் தமிழில் கேட்டுக்கொள்ளப் பழக்குங்கள். "எதிலிருந்து" என்பதற்கான விடையை முதலில் எழுத வேண்டும். இந்த ஒரு பழக்கம் ஏழு, எட்டாம் வகுப்பு இயற்கணிதம் வரைக்கும் கூட வரும்.

பின்னத்தில் மட்டும் வரிசை மாறும். "ஐந்தில் மூன்று" என்று சொல்லும்போது கீழே இருப்பது முதலில் வருகிறது, கொரிய மொழியிலும் அப்படித்தான். எழுதும்போது குழம்பலாம் என்றாலும், பொருளுக்கு இதைவிடத் தெளிவான பெயர் கிடையாது. முழுசை ஐந்தாக்கி, அதில் மூன்றை எடு. "த்ரீ பை ஃபைவ்" என்பதிலோ மேலே ஒரு எண், கீழே ஒரு எண் என்பதைத் தவிரப் பிள்ளைக்கு எதுவும் கேட்காது. ஐந்தில் ஒன்றா, மூன்றில் ஒன்றா, எது பெரிது என்று கேட்டால் "5 தானுங் பெருசு" என்று சொல்வது அதனால்தான். பின்னத்தைத் தமிழில் பேசித் தொடங்குங்கள், காகிதத்தை மடித்துக் காட்டுங்கள், பிறகு "த்ரீ ஃபிஃப்த்ஸ்" என்று ஆங்கிலத்துக்குப் போங்கள். "த்ரீ பை ஃபைவ்" கடைசியாக வரட்டும்.

எண் பெயர்களிலும் சின்னச் சிக்கல் உண்டு. பதினான்கில் பத்து முதலில் வருகிறது, 14 என்று எழுதுவதிலும் அப்படியே. "ஃபோர்ட்டீன்" நான்கை முன்னால் சொல்கிறது, அதனால் 41 என்று எழுதுகிறார்கள். ஃபிஃப்ட்டீன், ஃபிஃப்ட்டி காதில் ஒன்றாகவே விழுகின்றன. கீழ் வகுப்பில் தீர்ந்திருக்க வேண்டியது, தீரவில்லை என்றால் தினம் இரண்டு நிமிஷம் எண் சொல்லி எழுதவைத்தால் போதும்.

சரி, தமிழ் பேசலாமா கூடாதா? பேச வேண்டும். ஆனால் எப்படிப் பேசுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நம்மில் பலர் ஒரு வரி ஆங்கிலம், உடனே அதையே தமிழில் ஒரு வரி என்று மாறி மாறிச் சொல்கிறோம். சினிமாவுக்குக் கீழே எழுத்து ஓடினால் வசனத்தை யார் காதில் வாங்குவார்கள்? பிள்ளைகளும் தமிழ் வரிக்காகக் காத்திருந்து, ஆங்கில வரியைக் கேட்பதையே விட்டுவிடுகிறார்கள். அதற்குப் பதில், யோசிக்கிற நேரம் தமிழுக்கு, முடிவைச் சொல்கிற நேரம் ஆங்கிலத்துக்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள். கணக்கைப் பற்றிக் குழுவாகப் பேசும்போது தமிழ், தடையே வேண்டாம். விடையை விளக்கும்போது ஆங்கிலம், இரண்டே வாக்கியமானாலும்.

அந்த இரண்டு வாக்கியம் தானாக வராது, நாம்தான் கொடுக்க வேண்டும். குழுக்கள் பேசும்போது சுற்றி வந்து, பிள்ளைகள் சொன்னதை அப்படியே கரும்பலகையின் ஒரு பக்கம் தமிழில் எழுதுங்கள்: "காலையில 7 பொட்டி அதிகம், அதனால 7-ஐ 48-ஆல பெருக்கினோம்." மறுபக்கம் அதற்கான ஆங்கிலம். சுவரில் மாட்ட வேண்டிய சார்ட் இதுதான். பிறகு ஒவ்வொரு பிள்ளையும் தன் விளக்கத்தை மூன்று பேரிடம், ஆள் மாற்றி மாற்றிச் சொல்லட்டும். முதல் ஆளிடம் தமிழில், இரண்டாவது ஆளிடம் கலந்து, மூன்றாவது ஆளிடம் ஆங்கிலத்தில். வகுப்பு இரைச்சலாகத்தான் இருக்கும். மூன்றாவது ஆளிடம் போகும்போது வாய் திறக்காத பிள்ளையும் "பிகாஸ்" போட்டு ஒரு வாக்கியம் சொல்வதை நீங்களே கேட்பீர்கள். உங்களுக்கே ஆங்கிலம் சரளமாக வராது என்றால் அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. பாடத்துக்கு மூன்று வாக்கியம் முன்கூட்டியே எழுதி எடுத்துப் போங்கள். அந்த மூன்றும் சுத்தமாக இருந்தால் போதும்.

இன்னொரு உதவி பக்கத்திலேயே இருக்கிறது. நம் மாநிலப் பாடநூலில் தமிழ் வழிக் கணக்குப் புத்தகமும் ஆங்கில வழிப் புத்தகமும் ஒரே பாடங்கள், ஒரே கணக்குகள். தமிழ் வழிப் புத்தகம் நாலைந்து பிரதி வகுப்பில் எப்போதும் இருக்கட்டும். தென்னாப்பிரிக்காவில் கணிதக் கல்வி ஆய்வாளர் மாமொகெத்தி பாக்கெங்கும் அவருடன் பணிபுரிந்தவர்களும் இதைத்தான் செய்து பார்த்தார்கள். கடினமான கணக்கை ஆங்கிலத்திலும் பிள்ளைகளின் வீட்டு மொழியிலும் சேர்த்தே கொடுத்து, ஒரே மொழி பேசுகிறவர்களை ஒரு குழுவாக உட்கார வைத்தார்கள். கணக்கு கடினமாகவே இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவருகிற கணக்கையும் விட்டுவிடாதீர்கள். அம்மா ஒன்றரை ஷிப்ட் பார்க்கிற வீட்டுப் பிள்ளைக்கு, ஐந்து நாளைக்கு ஏழரை ஷிப்ட் என்பது விரல் விடாமல் வரும். அதே பிள்ளை "ஒன் பாயிண்ட் ஃபைவ் டைம்ஸ் ஃபைவ்" என்றால் விழிக்கும். இரண்டும் ஒன்று என்று காட்டுகிற அந்தக் கணம், தசமப் பெருக்கலுக்கு நீங்கள் தேடிக்கொண்டிருந்த தொடக்கம். ஒரு ட்ரேயில் 30 முட்டை, 30 கிலோ வெல்லச் சிப்பம், ஏக்கருக்கு 100 சென்ட், மஞ்சளுக்குக் குவிண்டால் விலை, கால் அரை முக்கால் என்று இங்கே எல்லா வீட்டிலும் கணக்கு புழங்குகிறது. வீட்டில் போய் "ஒரு டஜனுக்கு எவ்வளவு பீஸ் ரேட், ஒரு நாளைக்கு எத்தனை டஜன்?" என்று கேட்டு வரச் சொல்லி, அதை வைத்துப் பிள்ளைகளே ஆங்கிலத்தில் ஒரு வாக்கியக் கணக்கு எழுதட்டும். கணக்கு எழுதத் தெரிந்தவனுக்கு, வாசிக்கும்போது வாக்கியம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று தெரியும். வீட்டு வருமானத்தை மட்டும் வகுப்பில் வெளிப்படையாகச் சொல்ல வைக்காதீர்கள், எண்களை மாற்றி எழுதச் சொல்லுங்கள்.

திருப்பூர் பக்கம் என்பதால், உங்கள் வகுப்பில் பீகார், ஒடிசாவிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகளும் இருக்கலாம். அவர்களுக்குத் தமிழும் புதுசு. ஒரே மொழி பேசுகிற இருவரைச் சேர்த்து உட்கார வையுங்கள், படம் போட்டும் பொருளை வைத்தும் விளக்க விடுங்கள். இந்தியில் நூறு வரைக்கும் எண் பெயர்கள் ஒவ்வொன்றும் ஏறக்குறைய தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியவை, 29-க்கு "முப்பதுக்கு ஒன்று குறைவு" என்பது போல ஒரு பெயர். "இருபத்து ஒன்பது" என்ற தமிழ் ஒழுங்கு அந்தப் பிள்ளைகளுக்குச் சீக்கிரம் பிடித்துப்போகும். அவர்கள் தமிழில் எண்ணத் தொடங்கியதும் வகுப்பே கைதட்டும், பாருங்கள்.

கடைசியாக, தலைமை ஆசிரியரும் பெற்றோரும். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 29, கற்பிக்கும் மொழி இயன்றவரை பிள்ளையின் தாய்மொழியாக இருக்க வேண்டும் என்றே சொல்கிறது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக் கணித வினாத்தாளிலேயே கேள்விகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சாகின்றன. இந்த இரண்டையும் தலைமை ஆசிரியரிடம் பணிவாகவே சொல்லலாம். பெற்றோருக்குச் சட்டம் சொல்லி ஆகாது. பிள்ளைக்கு இங்கிலீஷ் வரணும் என்ற அவர்கள் ஆசை நியாயமானது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தன்று இரண்டு பிள்ளைகளை நிற்க வைத்து, ஒரு கணக்கை முதலில் தமிழில் பேசி, பிறகு ஆங்கிலத்தில் விளக்கச் சொல்லுங்கள். தன் மகள் "பிகாஸ்" என்று காரணம் சொல்லி ஆங்கிலத்தில் கணக்கை விளக்குவதைக் கேட்ட அப்பா, அப்புறம் தமிழ் பேசினீர்களா என்று கேட்க மாட்டார். அவர்களிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: கடையிலும் தோட்டத்திலும் போடுகிற கணக்கை வீட்டில் வாய்விட்டுத் தமிழில் பேசுங்க, நடுவில் பிள்ளையையும் கேளுங்க.

இந்த மாதம் எல்லாவற்றையும் தொடங்க வேண்டாம். சார்ட்டைக் கழற்றுங்கள், அந்த ஐந்து கேள்விகளைத் தினம் ஒரு பிள்ளையிடம் கேளுங்கள், வாரத்துக்கு இரண்டு கணக்கை மூன்று முறை வாசியுங்கள். எந்தப் படியில் அதிகம் பேர் நிற்கிறார்கள் என்று பார்த்து எழுதுங்கள், அந்தப் படிக்கு ஏற்ற கணக்குகள் சிலவற்றை எழுதி அனுப்புகிறேன்.